ரொட்டி மூடும் துணி

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருந்தபோது எனக்கு இரண்டே வேலைதான். காலையில் கேட்டைத் திறப்பது, பிற்பகலில் மூடுவது. நடுவில் பையன்கள் உடைக்கிற குழாயைத் திட்டிக்கொண்டே மாற்றுவதையெல்லாம் வேலைக் கணக்கில் சேர்க்க முடியாது. சண்டை வந்து, காசாவின் வடக்கிலிருந்து ஜனங்கள் மெத்தையும் பாத்திரமுமாக எங்கள் டெய்ர் அல் பலாவில் வந்து இறங்கியபிறகு மூடுவதற்குக் கேட்டே இல்லாமல் போனது. கீழே எட்டு அறை, மாடியில் எட்டு அறை. ஒவ்வொன்றிலும் மூன்று குடும்பம், நான்கு குடும்பம், நடுவே போர்வைத் தடுப்பு. அறைகளைக் காலி செய்தபோது பெஞ்சுகளை எல்லாம் கீழ்க் கிடங்கில் அடுக்கிப் பூட்டினோம். தலைமையாசிரியர் தெற்கே போகிற அன்று சாவியை என் கையில் வைத்து, "அபூ ஹிக்மத், பெஞ்சு பத்திரம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

இரும்புச் சட்டம், மேலே நல்ல பைன் பலகை. நூற்றுப் பன்னிரண்டு பெஞ்சுகள். கேஸ் இல்லாத, விறகு இல்லாத, வேலிக் குச்சிகூட மிச்சமில்லாத ஊரில் அப்படி ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? முன்னால் சலாம் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தமாம் மட்டும் முகத்துக்கு நேரே திட்டுவாள்.

தமாமும் அவள் புருஷன் ஸுஹ்தியும் பெய்ட் லாஹியாவில் ஸ்ட்ராபெரி போட்டவர்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. பிள்ளை இல்லை, அதனால் ஊர் வழக்கப்படி 'உம் இன்னார்', அதாவது இன்னாரின் அம்மா, என்று கூப்பிட ஒரு பெயர் அவளுக்கு வாய்க்கவில்லை. எல்லாருக்கும் தமாம்தான். வந்த பத்தாம் நாளே முற்றத்தின் மேற்கு மூலையில் களிமண்ணைக் கொட்டி, கழுதைக்காரனிடம் கேட்டு வாங்கிய வைக்கோலைப் போட்டு, ஸுஹ்தியை மிதிக்கவிட்டு, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு ரொட்டி அடுப்பு கட்டிவிட்டாள். "என்கிட்ட கேட்டியா?" என்றேன். "கட்டி முடிச்சிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். பதினாறு அறைக்கும் அந்த அடுப்புதான். பெண்கள் மாவைப் பிசைந்து உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டு வருவார்கள். தமாம் தட்டி, உள்ளே எறிந்து, சுட்டுக் கொடுப்பாள். கூலி, தட்டுக்கு ஒரு ரொட்டி.

அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் குப்பி, பழைய செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் எரித்தாள். இருமிக்கொண்டே இருப்பாள். காலையில் என் கிடங்குக் கதவுக்கு முன்னால் வந்து நிற்பது அவளுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

"அபூ ஹிக்மத் அண்ணே, ஒரே ஒரு பலகை."

"கிடையாது."

"உள்ள எத்தன இருக்குன்னு உங்களுக்கே மறந்திருக்கும்."

"நூத்திப் பன்னெண்டு."

"நூத்திப் பதினொண்ணா இருந்தா பள்ளிக்கூடம் நடக்காதா?"

"நடக்கும். நூத்திப் பத்துலயும் நடக்கும். அப்படியே ஒண்ணொண்ணா நடந்து போயி உன் அடுப்புல உக்காந்துக்கும்."

ஸுஹ்தி தண்ணீர் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரிப்பான். "விடு தமாம். அந்த மனுசன் கபர்ல கூட பெஞ்சு போட்டுத்தான் உக்காருவாரு. வானத்துல இருந்து மலக்குகள் கேள்வி கேக்க வந்தா, வரிசையா உக்காருங்கம்பாரு."

என் சட்டத்தை ஒருத்தி மட்டும் வளைத்தாள். மைஸூன். இருபது வயதுப் பெண், மருந்தாளர் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. அவள் அம்மா உம் மைஸூன் ஷுஜாயியாவில் தையல்காரி, புருஷன் செத்துப் பதினைந்து வருஷம், ஒரே பிள்ளை. மாடியில் ஐந்தாம் அறையில் தமாம் குடும்பமும் இவர்களும் ஒரு பழுப்புப் போர்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மைஸூன் ஒரு நாள் வந்து, "கிழக்குப் படிக்கட்டுக்கு அடியில பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லித் தரேன். தரையில உக்காந்தா கையெழுத்து எறும்பு போற மாதிரி போகுது. நாலு பெஞ்சு குடுங்க. நீங்க வச்சிருக்கறது பள்ளிக்கூடத்துப் பெஞ்சுதானே, இல்ல உங்க பொண்ணு சீதனமா?" என்றாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். நான்கு பெஞ்சை நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.

தமாமுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அவள் அடுப்பிலிருந்து எந்த ரொட்டியும் மூடாமல் போகக் கூடாது. எங்கள் பக்கம் சமையல் வாசனை எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்கு ஒரு வாய் போயாக வேண்டும். அது பழைய மரியாதை. ஆனால் மாவு மூட்டை இருக்கிற அறை ஐந்து, இல்லாத அறை பதினொன்று என்றானபோது யாருக்கு என்று கொடுப்பது? கொடுக்க முடியாவிட்டால் கண்ணிலாவது காட்டாமல் போ என்பாள் தமாம். துணி இல்லாமல் தட்டு தூக்கி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். யார் என்றும் பார்க்க மாட்டாள். அந்தச் சட்டம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலை கடல் காற்று ஈரமாக அடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் முற்றம் சேறு. தலைக்கு மேலே ஸனானா வழக்கம்போல வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத அந்த விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, அது நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்போம். பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. தண்ணீர்த் தொட்டி கிழக்குப் படிக்கட்டின் மேல்தளத்தில். அறைக்கு ஒருவர் கேனோடு படியில் வரிசையாக நிற்பார்கள். மேற்குப் படியில் மெத்தைகள் அடைத்துக் கிடந்ததால் ஏற இறங்க அது ஒன்றுதான் வழி. ஸுஹ்தி நின்றான், மூன்றாவது ஆள். மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அபூ ஹிக்மத், என் பொண்டாட்டி ஒரு பலகை கேட்டாளே, குடுத்தீங்களா?"

"நீ தண்ணியப் புடி."

உம் மைஸூனும் மைஸூனும் ஆறு உருண்டை மாவோடு அடுப்புக்கு வந்தார்கள். வாரத்தில் அன்றுதான் அவர்களுக்கு மாவு கிடைத்தது. நான் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"தட்டுக்குத் துணி எங்க?" தமாம் கேட்டாள்.

"மறந்துட்டேன். பரவால்ல, சூடா இருக்கும்போதே ஓடிருவேன்" என்றாள் மைஸூன்.

"ஓடினா வாசனை ஓடாதா? அங்க பாரு, மூணாம் ரூம் பிள்ளைங்க நிக்குது. போயி எடுத்துட்டு வா."

"யம்மா, சொல்லுங்க இவங்ககிட்ட. மேல வரைக்கும் ஏறணும், அதுவும் அந்தத் தண்ணி வரிசைக்குள்ள பூந்து."

உம் மைஸூன் மாவுக் கையோடு நின்றாள். "போயிட்டு வாடி. நீ வாதாடுற நேரத்துல ரெண்டு தடவ ஏறி எறங்கிருக்கலாம்."

"பூக்கொடி போட்ட துணியா, வெள்ளைத் துணியா?"

"எதையாச்சும் எடுத்துட்டு வா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். போகும்போது என் எண்ணெய்க் குப்பியைப் பார்த்து, "பூட்டுக்கு எண்ணெய் இருக்கு, தலைக்கு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கிடங்குக்குள் தரையில் கிடந்தேன். சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. பெஞ்சு அடுக்கு ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் சரிந்திருந்தது. வாய் முழுக்கச் சுண்ணாம்பு. வெளியே வந்து பார்த்தால் கிழக்குப் பக்கத்தில் வானம் தெரிந்தது, மேல்தளம் இருந்த இடத்தில். படிக்கட்டு பாதியோடு முடிந்திருந்தது. தொட்டி உடைந்து தண்ணீர் சிமெண்டுக் கல்லின் மேலே வழிந்துகொண்டே இருந்தது. அறைக்கு ஒருவர் நின்ற வரிசை. அதனால்தான் பதினாறு அறையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

மத்தியானம் வரை கையால் கல்லைப் பொறுக்கினோம். மண்வெட்டி இரண்டு, கடப்பாரை ஒன்று. ஸுஹ்தியைத் தூக்கியபோது கேனின் வார் தோளிலேயே இருந்தது. மைஸூன் மேல் படிக்குப் பக்கத்தில் கிடைத்தாள். மேலே போய்விட்டு இறங்கியிருக்கிறாள். கொடி போட்ட துணி கையில் இருந்தது, நாலாய் மடித்தபடி. கையை விரிக்கப் பார்த்த பெண்களிடம் உம் மைஸூன், "விடுங்க. அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள். அப்படியே அடக்கினோம்.

அடக்கத்துக்கு முன், வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களுக்கு நடுவே உம் மைஸூன் தமாமைத் தேடிக்கொண்டு வந்தாள். தமாம் ஸுஹ்தியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உம் மைஸூன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"துணி கேட்டியே தமாம். எடுத்துட்டு வந்துட்டா பாரு" என்றாள்.

அடுப்புக்குள் போட்ட ஆறு ரொட்டியும் கரியாகிக் கிடந்தது, எடுக்க ஆளில்லை.

துக்கத்துக்கு உட்கார முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தல் கட்டினோம். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பருப்பை வறுத்துப் பொடித்து, காப்பி என்று பெயர் சொல்லி, சின்னக் கோப்பையில் கசப்பாக ஆளுக்கு ஒரு வாய். அதையும் தெரு எதிரே இருந்த வீட்டுக்காரர்கள்தான் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். மையத்து விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவருவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து அழ வேண்டியது, ஊர் அவர்களுக்குச் சோறு போட வேண்டியது. அது எங்களில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கு யார் பக்கத்து வீடு? ஐந்தாம் அறைக்கு ஆறாம் அறை சமைக்க வேண்டும், ஆறாம் அறையிலும் சாவு. எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்க ஒருவரும் இல்லை.

முதல் நாள் எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு அண்டா பருப்புக் கஞ்சி அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒரு கரண்டி வந்தது. இரண்டாம் நாள், மழைக்கு வேலியோரம் முளைத்த குபைஸா கீரையைப் பறித்து அவித்து ஒரு தட்டு. அதற்குமேல் அவர்களிடமும் இல்லை, கேட்கவும் வாய் வரவில்லை. மூன்றாம் அறையில் ஒரு தாய் பச்சை மாவைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளை வாயில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் அபூ லுத்ஃபி எழுந்து பேசினார். நிவாரண லாரிக்காரர்களிடம் எங்களுக்காகப் பேசுவதற்கு நாங்களே தேர்ந்தெடுத்த ஆள். கெட்ட மனிதர் இல்லை. தம்பியைத் தண்ணீர் வரிசையில் பறிகொடுத்தவர்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த அடுப்புல இருந்து கறுப்புப் புகை போகுது. மேல இருக்கறவன் பாத்துட்டே இருக்கான். இங்க என்னமோ நடக்குதுன்னு அவன் நெனக்க மாட்டானா? அடுப்ப இடிச்சிரலாம். இன்னொரு தடவை வேண்டாம்."

யாரும் மறுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு சாவும் இல்லை. ஹிக்மத் வெளிநாட்டில் இருக்கிறான், பெண்டாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவு இல்லாதவனுக்கு அந்தப் பந்தலில் என்ன பேச்சு?

கொஞ்ச நேரத்தில் மேற்கு மூலையில் 'தொம்' என்று ஒரு சத்தம். தமாம். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுப்பின் வாயில் ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தாள். ஒரு பிடி மண் பெயர்ந்திருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"விடுங்க அண்ணே."

"என் பள்ளிக்கூடத்துல எதை உடைக்கறதா இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் உடைக்கணும்."

"கட்டும்போது கேக்கல. உடைக்கும்போது எதுக்குக் கேக்கணும்?"

"அவரு சொன்ன புகைக் கதையை நீயும் நம்புறியா?"

"புகை மயிராப் போச்சு. நான் சொன்னேன் அண்ணே, போயி துணி எடுத்துட்டு வான்னு. இந்த வாயாலதான் சொன்னேன். அவ போகமாட்டேன்னா. வாதாடிப் பாத்தா. மூணாம் ரூம் பிள்ளைங்களைக் காட்டி அனுப்பிவச்சேன். நல்லது பண்றதா நெனப்பு எனக்கு. இந்த அடுப்பு இருந்தா தினமும் யாராச்சும் ரொட்டி கொண்டு வருவா. தினமும் நான் அதையே கேப்பேன். எப்படி இருப்பேன் சொல்லுங்க."

கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கிடங்கில் போட்டுப் பூட்டினேன். என்னால் ஆனது பூட்டுவதுதான்.

மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. பந்தலில் பிள்ளைகள் அழுவதைக்கூட நிறுத்தியிருந்தார்கள், அதுதான் பயமாக இருந்தது. தமாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மெத்தைகளை ஒதுக்கி வழிவிட்டிருந்த மேற்குப் படி வழியாக உம் மைஸூன் இறங்கி வந்தாள். தலையில் தட்டு. தட்டில் மாவு உருண்டைகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவளிடம் இருந்த மாவு மொத்தமும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. அவள் நேராகத் தமாமுக்கு முன்னால் போய்த் தட்டை இறக்கினாள்.

"அடுப்பு மூட்டு."

தமாம் தலையைத் தூக்கினாள். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "என்னால முடியாது."

"உன்னால முடியுமான்னு நான் கேக்கல."

"மூணு நாள் முடியல இன்னும். ஸுஹ்தி போயி..."

"ஸுஹ்தி செத்தான். நான் உன் பக்கத்து வீடு. ஒரு போர்வைதான் நடுவுல. உனக்குச் சோறு போட வேண்டியது நான். அதான் பிசைஞ்சு கொண்டுவந்திருக்கேன். என் மக செத்தா. நீ என் பக்கத்து வீடு. எனக்குச் சோறு போட வேண்டியது நீ. மூணு நாளா எங்க போயிருந்த? என் வீட்டுச் சாவுக்கு உன் வீட்டுல இருந்து ஒரு ரொட்டி வந்துச்சா?"

"உம் மைஸூன்..." என்றாள் தமாம். பிள்ளை போன பிறகும் அந்தப் பெயரை விட்டால் கூப்பிட வேறு பெயர் இல்லை. "நான்தானே அனுப்பினேன் அவளை."

"ஆமா, நீதான் அனுப்பின. நானும்தான். போயிட்டு வாடின்னு சொன்னது யாரு? மூணு நாளா அதையே அரைச்சிட்டு இருந்தேன். துணி கேட்டவ நீ, போகச் சொன்னவ நான். மேல இருந்து குண்டு போட்டவன் எங்கயோ உக்காந்து சாப்பிடுறான், நாம ரெண்டு பேரும் பட்டினி கெடந்து ஒருத்திய ஒருத்தி தின்னுட்டு இருக்கோம். அவனுக்கு இதைவிட என்ன வேணும்? எந்திரி."

அபூ லுத்ஃபி பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா புகை வேண்டாம். நான் பிள்ளைங்களுக்காகச் சொல்றேன்."

உம் மைஸூன் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். "அடுப்பு எங்க இருக்கு?"

"இங்க."

"மேற்கு மூலையில. குண்டு எங்க விழுந்துச்சு?"

அவர் கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கிழக்கு மூலையில, மாடியில, தண்ணி வரிசையில. அங்க என்ன புகை இருந்துச்சு? அப்போ தண்ணி குடிக்கறதையும் நிறுத்திரலாமா? புகை பாத்துப் போட்டான், தண்ணி பாத்துப் போட்டான், நாளைக்கு மூச்சு விடறதப் பாத்துப் போட்டான்னு சொல்லுவீங்க. எதுக்குப் போட்டான்னு கண்டுபுடிச்சுக் குடுக்கறது நம்ம வேலையா? உங்க தம்பி என்ன தப்புப் பண்ணிச் செத்தான், சொல்லுங்க."

"அவன் ஒரு தப்பும் பண்ணல" என்றார் அபூ லுத்ஃபி. சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டார்.

"என் மகளும் பண்ணல. இந்த அடுப்பும் பண்ணல. அபூ ஹிக்மத் அண்ணே, என்ன வேடிக்கை? வெறகு கொண்டாங்க."

நான் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எரிக்க ஒரு அட்டைத் துண்டுகூட இல்லை, எல்லாம் நனைந்துபோயிருந்தது. கிடங்குக்கு வெளியே காய்ந்து கிடந்த மரம் என்றால் கிழக்குப் படிக்கட்டுக்கு அடியில் உடைந்து கிடந்த நான்கு பெஞ்சுகள்தான். மைஸூனின் பெஞ்சுகள். பலகைகள் பிளந்து, இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு கிடந்தன. அன்று அங்கே பிள்ளைகள் இல்லை, பாடம் பிற்பகலில்தான். அந்த ஒன்றுக்குத்தான் மூன்று நாளாக அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இருக்கறது அவ பெஞ்சுதான்" என்றேன்.

உம் மைஸூன் கொஞ்சம் தடுமாறினாள். அந்த ஒரு இடத்தில் மட்டும். பிறகு, "முழுசா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. பலகை எல்லாம் போச்சு. சட்டத்த நிமித்திரலாம்."

"சட்டத்த வச்சுக்கோங்க. பலகையக் குடுங்க."

போய் எடுத்தேன். ஒரு பலகையில் பிள்ளைகள் யாரோ ஆணியால் கீறிய எழுத்துகள் இருந்தன, அலிஃப், பா, தா, அதோடு நின்றிருந்தது. தமாம் தினமும் என் வாசலில் நின்று கேட்ட பலகை. அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் எழுந்தாள். கடப்பாரை பெயர்த்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள், முற்றத்துச் சேற்றை ஒரு பிடி அள்ளி அதில் அப்பி அழுத்தினாள். கரியான ஆறு ரொட்டியையும் வெளியே எடுத்து ஓரமாக வைத்தாள். பிஸ்மில்லா சொல்லித் தீ வைத்தாள்.

பைன் பலகை என்பதால் வேகமாகப் பற்றியது. புகை நேராக மேலே போனது, எப்போதையும்விடப் பெரிதாக. எல்லாரும் புகையைப் பார்த்தோம், பிறகு அதற்கும் மேலே பார்த்தோம். ஸனானா சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பந்தலை விட்டு யாரும் உள்ளே போகவில்லை. மூன்றாம் அறைத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், குளிர்காய வந்தவள் போல.

தமாமின் கை மறக்கவில்லை. உருண்டையை எடுத்தாள், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டித் தட்டி அகலமாக்கினாள், எறிந்தாள். மேலே உப்பிக்கொண்டு வந்ததும் கம்பியால் இழுத்தாள். வாசனை முற்றம் முழுக்கப் பரவி மாடிவரை போனது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று தட்டில் அடுக்கினாள். பன்னிரண்டாவதை வைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, எத்தனையோ நாளாகச் சொல்லிப் பழகிய வாயால், நிமிராமல் கேட்டுவிட்டாள்.

"துணி எங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டது அவளுக்கே தெரிந்தது. கம்பி கையிலிருந்து விழுந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்காரப் போனாள். உம் மைஸூன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பிடி ஆறுதலா அடியா என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு இறுக்கம்.

"துணி அவகிட்ட இருக்கு" என்றாள். "இனிமே இந்த அடுப்புல யாரையும் துணி கேக்காத. யாரும் எடுக்கப் போகவேண்டாம். ரொட்டி தெறந்தே போகட்டும். கண்ணுல படட்டும். யார் கண்ணுல படுதோ அவங்களுக்கும் அதுல ஒரு துண்டு. குடுக்க முடியாதுன்னுதானே மூடினோம்? இனி குடுத்துருவோம். தீர்ந்தா எல்லாருக்கும் சேந்து தீரட்டும்."

தட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. முதலில் மூன்றாம் அறைத் தாய்க்கு முன்னால் குனிந்தாள், "பிச்சுக்கோ" என்றாள். அவள் தயங்கினாள். "பிச்சுக்கோடி, ஆறிப்போகுது." பிள்ளை தானே கையை நீட்டிப் பிய்த்தது. அபூ லுத்ஃபிக்கு முன்னால் நின்றாள். அவர் முகத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் ஒரு ஓரத்தை எடுத்தார். அப்படியே ஒவ்வொரு அறை வாசலாகப் போனாள். கீழே எட்டு அறை, பிறகு மேற்குப் படியேறி மாடியில் மிச்சம் இருந்தவை. உடைந்த இடம் வரை போய் நின்று, அங்கே ஒருவரும் இல்லாததால் திரும்பினாள்.

அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒரு வேலை இருந்தது. கழுத்துச் சாவியைக் கழற்றிக் கிடங்கைத் திறந்தேன். முழுப் பெஞ்சு நான்கை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில், அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவே, வரிசையாகப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. ஏழு பிள்ளைகள் ரொட்டித் துண்டோடு ஏறி உட்கார்ந்தார்கள், ஒருவன் சேற்றுக் காலோடு. "காலை எறக்குடா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு" என்று கத்தினேன். மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது.

கிடங்கை மறுபடி பூட்டிவிட்டு வந்தபோது வேறு பெண்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். மூட்டையின் அடியைத் தட்டிக் கொண்டுவந்த மாவு, ஒருத்தி கையில் இரண்டு உருண்டை, ஒருத்தி கையில் ஒன்று. ஒரு தட்டிலும் துணி இல்லை. தமாம் ஒவ்வொன்றாக வாங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கக் கை காலியில்லை.

உம் மைஸூன் இறங்கி வந்தாள். தட்டைத் தலையிலிருந்து எடுத்து அடுப்புத் திட்டில் வைத்தாள். அதில் ஒரு பொருக்குகூட மிஞ்சவில்லை.

"உனக்கு எடுத்து வைக்கலையா?" தமாம் கேட்டாள்.

"எனக்குப் போட வேண்டியது நீ" என்றாள் அவள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். "பசிக்குது. அடுத்ததைப் போடு."